சார்ஜ் ஏறாத வண்டி: பேட்டரியை மாற்றும் முன் மீட்டரைப் பாருங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டால் திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலையில் விடிய விடிய வேன்கள்தான். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், செங்கோட்டை வழியாகச் சபரிமலைக்குப் போகிற கூட்டம் அது. ஆனி, ஆடியில் இதே சாலையில் குற்றாலச் சீசன் வண்டிகள். பல குடும்பங்கள் வேனிலேயே சமைத்து, வேனிலேயே படுத்து எழுகின்றன. கேரவன் என்று பெயர் இல்லையே தவிர, பயன்பாடு அதேதான். ஃபேன், பாட்டு செட், சீரியல் லைட், சின்ன ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாக ஏறிய இத்தனைக்கும் கரண்ட் தருவது எஞ்சினோடு சுற்றும் ஒரே ஆல்டர்னேட்டர்.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பழி பேட்டரி மேல் விழுகிறது. புதியது மாட்டுகிறார்கள், சில மாதங்களில் அதுவும் படுத்துவிடுகிறது. வாரண்டி கேட்டுப் போனால், "உங்க வண்டியிலதான் சார்ஜிங் கோளாறு" என்கிறார் கடைக்காரர். "பேட்டரியே சரியில்லண்ணே" என்கிறார் எலக்ட்ரீஷியன். நடுவில் நிற்கும் வண்டிக்காரரிடம் எந்த ஆதாரமும் இல்லை. சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் இருந்தால் அந்த ஆதாரத்தை அவரே உண்டாக்கிக்கொள்ளலாம்.

எழுதி வைக்க வேண்டிய அளவுகள்

கீழே உள்ளவை 12 வோல்ட் லெட்–ஆசிட் பேட்டரிக்கானவை. 24 வோல்ட் வண்டிக்கு இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் பாருங்கள். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி.

எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். லைட், ஃபேன், ஏசி எல்லாம் போட்ட பிறகு 13க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டால், ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது ஆல்டர்னேட்டரின் சக்திக்கு மீறிச் சாமான் ஏற்றியிருக்கிறீர்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். புதிய வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் என்பதால், கம்பெனி கையேட்டையும் பார்த்துவிடுங்கள்.

பலரும் விட்டுவிடுவது எர்த் சோதனை. எஞ்சின் ஓட, லைட் எரிய, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பாடியிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளிலோ இணைப்பிலோ கோளாறு. பச்சை பூத்த டெர்மினலைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். அதைச் செய்யாமல் ஆல்டர்னேட்டரை மாற்றுவது வீண் செலவு.

ஆபத்து எங்கே?

எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, "வண்டி நிக்கலைன்னா டைனமோ நல்லாருக்கு" என்று சோதிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கழற்றிய நொடியில் வோல்டேஜ் எகிறி, ஆல்டர்னேட்டர் டயோடையும் வண்டியின் கம்ப்யூட்டரையும் எரித்துவிடலாம். யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள்.

அதிகமாகச் சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கக்கூடியது அது. படுக்கைக்கு அடியில் கூடுதல் பேட்டரி வைத்திருப்பவர்கள், அந்தப் பெட்டிக்கு வெளிக்காற்று வழி விட வேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் எஞ்சினை நிறுத்தி, எல்லோரும் இறங்கிவிட வேண்டும். ஆசிட் கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பேட்டரி தாங்கவில்லை என்று எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்குவது எல்லாவற்றையும்விடக் கொடியது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று தெரியவந்தது. அந்த வாயுவுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை.

உங்கள் உரிமை

பேட்டரி, ஆல்டர்னேட்டர், ரிப்பேர் எல்லாமே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். பில் தராமல் இருப்பதே அந்தச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. "வாடகை வண்டிதானே, நீங்க நுகர்வோர் இல்ல" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிழைப்புக்காகச் சொந்தமாக வண்டி வாங்கி ஓட்டுபவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. மதுரையில் வாங்கிய பொருளானாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

ஒன்றை மறக்க வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாமல் விட்ட பேட்டரிக்கும், கண்டபடி வயர் இழுத்த வண்டிக்கும் வாரண்டி கேட்டு வாதாடுவது கடினம். படுக்கை, இன்வெர்ட்டர் என்று வண்டியையே மாற்றி அமைப்பவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலக அனுமதியைப் பெற்றுவிடுங்கள். அனுமதி இல்லாத மாற்றத்தைக் காட்டி, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

பேட்டரி மாட்டும் அன்றே நான்கு காரியம் செய்யுங்கள்: சீரியல் நம்பரோடு பில் வாங்குங்கள், வாரண்டி கார்டில் தேதியும் கடை முத்திரையும் போடச் சொல்லுங்கள், எஞ்சின் ஓடும்போது மீட்டர் காட்டும் அளவைப் போட்டோ எடுங்கள், கழற்றிய பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடாமல் விற்ற கடையிலேயே கொடுங்கள். பிறகு ஒரு தகராறு வந்தால், உங்கள் பக்கம் பேசப்போவது அந்தப் பில்லும் போட்டோவும்தான்.