வீட்டுக்குள் ஒரு தனி நாடு

கொல்லிமலைக்குப் புதிதாகப் போகிறவர்கள் முதலில் எண்ணத் தொடங்குவது கொண்டை ஊசி வளைவுகளைத்தான். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போய்ச் சேருவதற்குள் மொத்தம் 70 வளைவுகள்! தலைசுற்றல் நின்று கண் தெளிந்ததும் இன்னொரு விஷயம் கவனத்துக்கு வரும். பெயர்ப் பலகைகளிலெல்லாம் 'நாடு', 'நாடு' என்றே எழுதியிருக்கும். திண்ணனூர் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு... நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த இந்த ஒரே மலையில் 14 ஊராட்சிகள் இருக்கின்றன, அத்தனையும் நாடுகள்தாம்!

நாடு என்றால் எல்லை உண்டு. எல்லை இருப்பதால் இவர்களுக்குள் பகை வந்துவிட்டதா? இல்லையே! சந்தையில் எல்லா நாட்டாரும் கூடுகிறார்கள். அறப்பளீசுவரர் சந்நிதிக்கு எல்லா நாட்டாரும் வருகிறார்கள். எல்லை தெரிந்திருப்பதனால்தான் உறவும் சீராக நடக்கிறது.

இந்தச் சின்ன உண்மையை வீட்டுக்குள் கொண்டுவந்தால் எவ்வளவோ மனஸ்தாபங்கள் தீரும். முக்கியமாக, வீட்டில் இருந்தபடியே உத்தியோகம் பார்க்கும் பெண்களுக்கு!

"சும்மாதானே இருக்கே!"

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரடங்கு வந்தபோது காரியாலயங்கள் பலவும் வீட்டுக்குள் குடியேறின. தொற்று தணிந்த பின்னும் சில உத்தியோகங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன.

திண்ணனூர் நாட்டில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மருமகள் பட்டம் படித்தவள். கீழ்நாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு லாப்டாப்பில் கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். காலை பத்து மணி. வேலையில் உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"ஏம்மா, சும்மாதானே உட்கார்ந்திருக்கே, அடுப்பைக் கொஞ்சம் பார்த்துக்க!" என்கிறாள் மாமியார்.

"அண்ணி, என் சட்டை எங்கே?" என்கிறான் கொழுந்தன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா கதை பேச வருகிறாள். குழந்தை மடியில் ஏறுகிறது. அதே சமயம் கம்பெனியிலிருந்து போன்: "கணக்கு என்ன ஆச்சு?"

இவர்களில் ஒருவராவது கெட்டவரா? இல்லை. மாமியார் காலமெல்லாம் காட்டிலும் மேட்டிலும் பாடுபட்டவள். வேலை என்றால் கை கால் அசைய வேண்டும், வியர்வை வர வேண்டும் என்பது அவள் கண்ட அனுபவம். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவள் கண்ணுக்கு ஓய்வாகத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வேலையை மதிக்கச் சொன்னால் யாரால்தான் முடியும்?

சாமை சொல்லும் பாடம்

இதற்கு விடை அந்த மலையிலேயே இருக்கிறது. கொல்லிமலையின் பழைய தானியங்களில் ஒன்று சாமை. சாமையின் உமி லேசில் விடாது. முன்பெல்லாம் பெண்கள் அதை உரலில் இட்டு உலக்கையால் குத்திக் குத்தித்தான் அரிசியாக்கினார்கள். தோள் கழன்றுவிடும் வேலை! ஆனால் அதை யாரும் தொழில் என்று சொன்னதில்லை. வீட்டில் செய்ததால் அது வீட்டு வேலை. கூலியும் இல்லை, மணிக்கணக்கும் இல்லை.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டு வந்திருக்கிறது. கிராமங்களுக்கு உமி நீக்கும் இயந்திரங்கள் வந்தன. மகளிர் குழுக்கள் சாமையையும் கேழ்வரகையும் மாவாகவும் ரவையாகவும் ஆக்கிப் பொட்டலம் கட்டி விற்கத் தொடங்கின.

இப்போது பாருங்கள்! அதே பெண்கள், அதே சாமை. ஆனால் வேலைக்கென்று ஓர் இடம் வந்துவிட்டது. ஒரு நேரம் வந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கும் வந்துவிட்டது. இயந்திரத்தின் அருகே நிற்பவளைப் பார்த்து, "சும்மாதானே இருக்கே" என்று யாரும் சொல்வதில்லை. இடம், நேரம், கணக்கு ஆகிய மூன்றும் சேர்ந்தால் வீட்டு வேலையும் தொழிலாகிவிடுகிறது. லாப்டாப்புக்கும் இதே விதிதான்.

உலகம் முழுக்க இதே கதை

வீட்டிலிருந்து உழைப்பவர்கள் கம்ப்யூட்டர்காரர்கள் மட்டுமல்ல. பீடி சுற்றுகிறவர்கள், அப்பளம் இடுகிறவர்கள், தறி நெய்கிறவர்கள், தையல்காரிகள் எல்லோரும் இந்த வரிசையில் வருவார்கள். 2019-ல் உலகில் சுமார் 26 கோடிப் பேர் வீட்டிலிருந்து தொழில் செய்ததாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2021-ல் கணக்குச் சொன்னது. அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கூலிக்காக வீட்டிலிருந்து வேலை செய்பவரும் மற்றவர்களுக்குச் சமமான தொழிலாளியே என்று அந்த அமைப்பு 1996-லேயே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், வீட்டார் ஏற்றார்களா?

மத்திய அரசின் நேரக் கணக்கெடுப்பு இதற்குப் பதில் சொல்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில், 2019-ல் பெண் ஒருத்தி நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவிட்டாள். ஆண் 97 நிமிஷம். 2024-ல் பெண்ணின் கணக்கு 289 ஆகக் குறைந்தது. அந்தப் பத்து நிமிஷத்தை ஆண்கள் வாங்கிக்கொண்டார்கள் என்று சந்தோஷப்படாதீர்கள். அவர்கள் கணக்கும் 88 ஆகக் குறைந்துவிட்டது!

சம்பள வேலையும் வீட்டுக்குள் வந்து, இந்த ஐந்து மணி நேர வேலையும் குறையாமல் நின்றால் அந்தப் பெண் என்ன ஆவாள்?

அத்தையே காவல்!

அதனால்தான் எல்லைக்கல் நட வேண்டும் என்கிறோம். சண்டை போடாமல் நடுவதற்குச் சில வழிகள் உண்டு.

முதலாவது, இடம். தனி அறை இல்லாவிட்டால் திண்ணையின் ஒரு கோடியோ, ஜன்னலோரத்து மேஜையோ போதும். ஆனால் தினமும் அதே இடமாக இருக்க வேண்டும். குழித்தறியில் இறங்கி உட்கார்ந்த நெசவாளி வேலையில் இருக்கிறார் என்பதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்வதில்லை. இடமே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, நேரம். எப்போது தொடங்கி எப்போது எழுந்திருப்பீர்கள் என்பதை வீட்டார் அறியட்டும். சொன்ன நேரத்துக்கு எழுந்திருப்பது அதைவிட முக்கியம். சாயங்காலம் ஐந்து மணி என்று சொல்லிவிட்டு ஏழு மணிவரை உட்கார்ந்தால் உங்கள் வார்த்தைக்கு மதிப்பு இராது. கம்பெனிக்கும் இதே எல்லையைச் சொல்லத்தான் வேண்டும். வீட்டாரிடம் மட்டும் கறாராக இருந்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்குக் கம்பெனி கூப்பிட்டால் ஓடுவது நியாயமல்லவே!

மூன்றாவது, பேச்சு. "முடியாது" என்ற சொல் பெரியவர்களைச் சுடும். "பதினொன்றரைக்கு எழுந்ததும் செய்துவிடுகிறேன், அத்தை" என்றால் சுடாது. இரண்டிலும் இப்போது செய்யப்போவதில்லை என்பதே பொருள். ஆனால் முதலாவது கதவைச் சாத்துகிறது. இரண்டாவது நேரத்தைச் சொல்கிறது.

நான்காவது, கணக்கு. மாதம் பிறந்து சம்பளம் வந்ததும், இந்த வேலையில் இவ்வளவு வந்தது, இதிலிருந்து இன்ன செலவு நடந்தது என்று வீட்டில் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத வேலை அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியும்.

ஐந்தாவது யோசனைதான் கைகண்ட மருந்து. வீட்டில் மூத்தவர் யாரோ அவரையே அந்த எல்லைக்குக் காவலாக வையுங்கள். "அத்தை, பத்திலிருந்து ஒன்று வரைக்கும் யாரும் என்னைக் கூப்பிடாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று பொறுப்பை ஒப்படைத்துப் பாருங்கள். மறுநாள் பெரியம்மா கதை பேச வரும்போது வாசலிலேயே பதில் கிடைக்கும்: "உஷ்! உள்ளே மருமவ வேலையா இருக்கா!" அதிகாரம் தம் கையில் இருக்கும் எல்லையைப் பெரியவர்கள் மீறுவதில்லை.

எந்த எல்லைக்கும் ஒரு வாயில் இருக்கத்தான் வேண்டும். முற்றத்தில் மிளகு காய்கிறது. திடீரென்று தூறல் விழுகிறது. அப்போது பெட்டியை மூடிவிட்டு ஓட வேண்டியதுதான்! ஒரு வருஷத்து உழைப்பு நனைந்துவிடுமே! குழந்தைக்கு ஜுரம் என்றாலும் அப்படியே. கொழுந்தனுடைய சட்டை இந்த ஜாபிதாவில் சேராது. எது அவசரம், எது சௌகரியம் என்று எல்லோரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்வது நல்லது.

யாருக்காக இந்த எல்லை?

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. வை. மு. கோதைநாயகி அம்மாள் எழுதப் பழகாத காலத்தில், கதையை வாயால் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். கணவர் பார்த்தசாரதி ஆதரவாக நின்றார். 1925-ல் 'ஜகன்மோகினி'யை ஏற்று நடத்தத் தொடங்கிய அந்த அம்மாள் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். வீட்டுப் பெண் ஒருத்தியின் வேலையை வேலையென்று மதிக்க இரண்டு பேர் இருந்தார்கள். பலன் எவ்வளவு பாருங்கள்!

ஒரே அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில் எல்லைக்கல்லை எங்கே நடுவது? நியாயமான கேள்வி. அங்கே ஊர்தான் இடம் தர வேண்டும். சென்னைக் கொளத்தூரில் 2024-ல் படிப்பதற்கும் வேலை பார்ப்பதற்குமாக 'முதல்வர் படைப்பகம்' திறந்தார்கள். மலைநாடுகளில் மகளிர் குழுக் கட்டிடத்திலோ நூலகத்திலோ நாலு மேஜையும் நல்ல இணைய வசதியும் கிடைத்தால் எத்தனையோ பெண்களுக்கு வழி பிறக்கும்.

நம் கற்பனை மருமகள் வீட்டில் நிம்மதியாக வேலை செய்ய முடியாமல் போனால் அவளுக்கு இரண்டே வழிகள்தாம். வேலையை விட வேண்டும்; அல்லது 70 வளைவுகளும் இறங்கி, நாமக்கல்லிலோ திருப்பூரிலோ விடுதியில் தங்கிச் சம்பாதிக்க வேண்டும். முதலாவதில் வருமானம் போகும். இரண்டாவதில் பெண்ணே போய்விடுவாள். வீட்டுக்குள் மூன்று மணி நேரம் அவளைத் தனியே விட்டால், மிச்ச நேரமெல்லாம் அவள் குடும்பத்தோடு இருப்பாள். குடும்பத்தைப் பிரிப்பதற்கல்ல, சேர்த்து வைப்பதற்கே இந்த எல்லை. மாமியார்மார் தயவுசெய்து இதை யோசித்துப் பார்க்க வேண்டும். கணவன்மார் யோசிப்பதோடு நிற்காமல், அந்த 88 நிமிஷத்தையும் கொஞ்சம் கூட்ட வேண்டும்!