எண்ணிக்கையும் எண்ணமும்

கடலூர் மாவட்டத்தில் வடலூர் இருக்கிறது. வள்ளலார் அமைத்த சத்திய ஞான சபை அங்கே உள்ளது. 1872-ம் ஆண்டு தைப்பூசத்தன்று அங்கு முதல் ஜோதி தரிசனம் நடந்தது.

அந்தச் சபை எண்கோண வடிவம் கொண்டது. அதாவது, அதற்கு எட்டு மூலைகள். எட்டு எப்படி "எண்" ஆயிற்று?

எட்டும் எண்ணும்

இன்னொரு சொல்லோடு சேரும்போது எட்டு என்பது "எண்" என்று மாறும். எட்டுப் பத்து, எண்பது. எட்டுக் கோணம், எண்கோணம்.

"எண்" என்பதற்கு வேறு பொருளும் உண்டு. 1, 2, 3 எல்லாமே எண்கள்தான். காசை எண்ணுகிறோம், அது கணக்கு. "ஊருக்குப் போக எண்ணினான்" என்கிறோம், அது நினைப்பு. அதில் பிறந்ததே "எண்ணம்".

எண்ணிக்கையும் எண்ணமும் ஒரே வேரில் கிளைத்தவை!

அணையாத அடுப்பு

பசித்தவர்களை எண்ணி வள்ளலார் உருகினார். பார்வதிபுரம் மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலம் கொடுத்தார்கள். 1867-ம் ஆண்டு மே 23-ந் தேதி தருமசாலை தொடங்கியது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சாதி, மதம் பாராமல் சோறு போடுகிறார்கள்.

பந்தியில் எத்தனை பேர் என்று பார்ப்பதும் எண்ணுவதுதான். "பசியோடு வந்திருப்பார்களே" என்று நினைப்பதும் எண்ணுவதுதான்.

முதல் எண்ணத்துக்குக் கணக்குத் தெரிந்தால் போதும். இரண்டாவதற்கு இரக்கம் வேண்டும்.