பழைய மோட்டார் வண்டிக்குப் புதிய இஞ்சின்

மோட்டார் வண்டியொன்றின் இஞ்சின் தேய்ந்துபோனால், அதனிடத்தில் வேறொன்றைப் பொருத்துதல் எளிய காரியமென்றே பலரும் கருதுவர். கிடைப்பவற்றுள் வலிமை மிக்க இஞ்சினை வாங்கிவிட்டால், வண்டியும் அவ்வலிமையைப் பெற்றுவிடும் என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ‘மசில் கார்’ என வழங்கும் பழைய வண்டிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதையும், தக்க இஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் முறை யாது என்பதையும் ஈண்டு விளக்குவோம். இதிற் பயன்படும் விதிகள் பௌதிகம் பயிலும் மாணவர்க்குப் புதியனவல்ல. அவ்விதிகள் பட்டறையில் எவ்வாறு ஆட்சி செய்கின்றன என்பதே அறியத்தக்கது.

மசில் கார் என்பது யாது?

‘மசில்’ என்னும் சொற்குத் தசை என்பது பொருள். நடுத்தர அளவும் எளிய விலையும் உடைய வண்டியில், பெரிய வண்டிக்கென அமைந்த எட்டுச் சிலிண்டர் இஞ்சினை வைத்து விரைவை மிகுவித்தமையின் இப்பெயர் வந்தது. 1964-ம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. என்னும் வண்டியே இவ்வகைக்கு வழிகாட்டியது என்பர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் தம் நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட இஞ்சினை வைத்தலாகாது என ஒரு வரம்பு வகுத்திருந்தனர். பாண்டியாக் பகுதியினரோ 389 கன அங்குல இஞ்சினை, வாங்குவோர் விரும்பினாற் சேர்த்துக்கொள்ளத்தக்க கூடுதற் பொருளாக அமைத்து, அவ்வரம்பைத் தந்திரமாகக் கடந்தனர். பிற நிறுவனத்தாரும் அவ்வழியே சென்றனர். 1970-ம் ஆண்டின் தூய காற்றுச் சட்டமும், 1973-ம் ஆண்டின் எண்ணெய்த் தட்டுப்பாடும் வந்தபின் அவ்வண்டிகளின் காலம் முடிவுற்றது. எஞ்சி நிற்பவற்றை மக்கள் இன்றும் பேணி ஓட்டி வருகின்றனர்.

அவற்றுள் 1969-ம் ஆண்டின் ஷெவ்ரலே கமாரோவை நம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு மாதிரியில் ஏறத்தாழ 2,43,000 வண்டிகள் செய்யப்பெற்றன. 230 கன அங்குல ஆறு சிலிண்டர் இஞ்சின் முதல், சிறப்பு ஆணையின்பேரில் வைக்கப்பெற்ற 427 கன அங்குல எட்டுச் சிலிண்டர் இஞ்சின் வரை, ஒரே உருவமுடைய வண்டியிற் பல இஞ்சின்கள் அமைந்திருந்தன. புறத்தோற்றம் ஒன்றாயினும், பிரேக்கும் வில்பட்டையும் பின் அச்சும் ஒன்றல்ல. இவ்வேற்றுமையை மறவாதிருத்தல் வேண்டும்.

முதற்கேள்வி: பழைய இஞ்சின் எத்தகையது?

இஞ்சினைக் கழற்றுமுன், வண்டியிலிருப்பது அவ்வண்டியுடன் பிறந்த இஞ்சின்தானா என்று அறிதல் வேண்டும். ஷெவ்ரலே எட்டுச் சிலிண்டர் இஞ்சினில், வலப்புறச் சிலிண்டர் மூடியின் முன்னே ஒரு சிறு மேடை உண்டு. இஞ்சின் கட்டப்பெற்ற நாளும், அதன் வகையைக் குறிக்கும் எழுத்துக்களும், வண்டியின் தொடரெண்ணில் ஒரு பகுதியும் ஆங்கே பொறிக்கப்பெற்றிருக்கும். இவ்வெண் வண்டியின் எண்ணோடு ஒத்திருப்பின் அவ்வண்டியின் மதிப்பு பெரிதும் உயரும். அரிய வகை வண்டியாயின் சொல்லவேண்டுவதில்லை.

இங்கே ஒரு பெரிய அபாயம் உளது. பழைய இஞ்சினைப் புதுப்பிப்போர், சிலிண்டர் தலை உட்காரும் மேற்பரப்பைச் சமனாக்குதற் பொருட்டு அதனை இயந்திரத்தாற் சீவுவதுண்டு. பொறிப்பு மேடையும் அப்பரப்போடு ஒரே மட்டத்தில் இருத்தலின், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அழியாதிருந்த எண் சில நிமிடங்களில் மறைந்துவிடும். மறைந்ததை மீண்டும் பொறிப்பது சான்றாகாது, மோசடியென்றே எண்ணப்படும். ஆகவே வண்டிக்குரிய இஞ்சின் கிடைத்தவர், அதனை எண்ணெயிட்டு மூடித் தனியே வைத்துக்கொண்டு வேறோர் இஞ்சினைப் பொருத்துதலே அறிவுடைமை. புதிய இஞ்சினுக்காக உடலை வெட்டாமலும் துளையிடாமலும் இருப்பின், பின்னொரு காலத்தில் பழைய நிலைக்கு மீளவும் இயலும்.

இரண்டாங் கேள்வி: வண்டி எதன்பொருட்டு?

இஞ்சின் விற்போர் விளம்பரங்களிற் பெரிய எழுத்தில் இருப்பது குதிரைச் சக்தி. ஆனால் ஓட்டுவோர் உணர்வது முறுக்கு விசையையே. இஞ்சின் தன் தண்டைத் திருப்பும் வலிமை முறுக்கு விசை. அத்திருப்பம் எத்துணை விரைவாய் நிகழ்கிறது என்பதையும் சேர்த்துக் கணித்தது குதிரைச் சக்தி. பவுண்டு-அடியில் அளந்த முறுக்கு விசையை நிமிடச் சுற்றுக்களால் பெருக்கி 5,252-ஆல் வகுத்தால் குதிரைச் சக்தி கிடைக்கும்.

ஓர் இஞ்சின் 3,000 சுற்றில் 400 பவுண்டு-அடி தருமாயின், அவ்விடத்தில் அதன் சக்தி ஏறக்குறைய 228. மற்றோர் இஞ்சின் 6,500 சுற்றில் 300 பவுண்டு-அடி தருமாயின், அதன் சக்தி 371. ஏட்டிற் பார்ப்பவர் இரண்டாவதையே விரும்புவர். ஆயினும் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் வண்டி பெரும்பாலும் 3,000 சுற்றிற்குட்பட்டே ஓடும். அவ்விடத்து முதலாவது இஞ்சினே இனிது இழுக்கும். இரண்டாவது, பந்தயக் களத்திற்கு ஏற்றது. மிக்க சுற்றுக்கென வால்வுகளை நெடுநேரம் திறந்துவைக்கும் காம் தண்டை உடைய இஞ்சின், நின்ற நிலையிற் குலுங்கும். அதன் உறிஞ்சுவிசையும் குறையும். அவ்வுறிஞ்சுவிசையையே துணையாகக் கொண்ட பிரேக்கும் அதனால் தளரும். ஓர் உறுப்பில் ஆசை மிகுந்தால் மற்றோர் உறுப்பில் அபாயம் விளைதல் காண்க.

எண்களை ஒப்பிடும்போதும் எச்சரிக்கை வேண்டும். 1971-ம் ஆண்டுவரை அமெரிக்க நிறுவனத்தார் விளம்பரத்தில் மேற்கொண்டது மொத்த சக்தி. அஃதாவது காற்று வடிகட்டி, புகைக்குழாய் முதலியன வண்டியில் உள்ளவாறு பூட்டப்பெறாத இஞ்சினை மேடைமேல் வைத்து அளந்தது. 1972-ம் ஆண்டு முதல் யாவற்றையும் பூட்டி அளந்த நிகர சக்தியையே குறித்தனர். கார்வெட் வண்டியின் சாதாரண 350 கன அங்குல இஞ்சின் 1971-ம் ஆண்டில் 270 என்றும், 1972-ம் ஆண்டில் 200 என்றும் குறிக்கப்பெற்றது. இஞ்சின் ஏறக்குறைய அதுவே. மாறியது பெரும்பாலும் அளவுகோல். ஆகவே பழைய ஏட்டிலுள்ள எண்ணையும் இக்கால இஞ்சினின் எண்ணையும் அருகருகே வைத்து முடிவு செய்தல் தகாது.

மூன்று வழிகள்

கமாரோவுக்கு இஞ்சின் தேடுவோர்க்கு மூன்று வழிகள் உள.

முதலாவது, ஷெவ்ரலேயின் சிறிய வகை எட்டுச் சிலிண்டர் இஞ்சின். 1955-ம் ஆண்டில் 265 கன அங்குலத்துடன் தோன்றிய இவ்வினம் பின்னர் 350 வரையும், அதற்கு மேலும் வளர்ந்தது. 350-இன் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம். பிஸ்டன் ஓட்டம் 3.48 அங்குலம். விட்டத்தை 4.03 ஆகக் கடைந்து, 400 கன அங்குல இஞ்சினின் அளவாகிய 3.75 அங்குல ஓட்டமுள்ள கிராங்குத் தண்டைப் பொருத்தினால், அதே கூட்டில் 383 கன அங்குலம் கிடைக்கும். மாணவர்கள் தாமே கணக்கிட்டு இதனைச் சரிபார்க்கலாம். ஓட்டம் நீளுதலால் தாழ்ந்த சுற்றிலேயே முறுக்கு விசை மிகும். எட்டுச் சிலிண்டரோடு பிறந்த கமாரோவாயின், தாங்கிகளும் கியர் பெட்டியும் இதற்கு அப்படியே பொருந்தும்.

இரண்டாவது, 396, 427, 454 என வளர்ந்த பெரிய வகை. அக்கால வீறு இதற்கே உரியது. ஆனால் இரும்பால் வார்த்த இவ்விஞ்சின் சிறிய வகையைவிட 100 பவுண்டுக்குக் குறையாத கனமுடையது. அக்கனம் முழுதும் முன் சக்கரங்கள்மேல் விழுதலால், முன் வில்களை மாற்றவேண்டும். வளைவுகளில் வண்டி திரும்பத் தயங்கும்.

மூன்றாவது, இக்காலத்து எல்.எஸ். வகை. 1997-ம் ஆண்டின் கார்வெட்டில் எல்.எஸ்.1 என வந்த இஞ்சினே இதன் முதல். அலுமினியக் கூடுடைய 6.2 லிட்டர் எல்.எஸ்.3, 2008-ம் ஆண்டு மாதிரியில் 430 நிகரக் குதிரைச் சக்தியுடன் வெளிவந்தது. வலிமை மிகுதி, கனம் குறைவு, பெட்ரோல் செலவும் மிதம். ஆயினும் அதன் செலவு இஞ்சின் விலையோடு நில்லாது. கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்திற்கு ஆறு பவுண்டளவு அழுத்தத்திற் பெட்ரோல் வந்தாற் போதும். இதற்கோ 58 பவுண்டு வேண்டும். ஆகவே தொட்டி, பம்பு, குழாய் யாவும் மாற்றப்பெறல் வேண்டும். மின்கணினியும் அதன் கம்பித் தொகுதியும் வேண்டும். தாங்கிகளுக்கு இடைத்தகடுகள் வேண்டும். பிக்கப் வண்டியிலிருந்து எடுத்த எல்.எஸ். இஞ்சினாயின், ஆழமான எண்ணெய்த் தொட்டி முன் சட்டத்தின் குறுக்கு விட்டத்தில் முட்டும்.

பழைய இஞ்சினையே புதுப்பிப்போர் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. அக்காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. சாலை வண்டிகளுக்கு அதனை விற்பதை அமெரிக்கா 1996-ம் ஆண்டு ஜனவரி முதல் தடுத்துவிட்டது. ஈயம் வால்வு இருக்கைகளைத் தேயாமற் காத்து வந்தது. ஆதலின் கடினமான இருக்கைகளை இப்போது பதித்துக்கொள்ளுதல் நலம்.

மூன்றாங் கேள்வி: வண்டி தாங்குமா?

சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதவேண்டும்! 1969-ம் ஆண்டின் சாதாரணக் கமாரோவில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்கே இருந்தது. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் தனி விலை. ஓடும் வண்டியின் சக்தி அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 60 மைல் வேகத்தில் இருப்பதைவிட 85 மைல் வேகத்தில் அது இருமடங்காகிறது. அத்தனையையும் பிரேக்கு வெப்பமாக மாற்றியாக வேண்டும். டிரம்மோ தன் வெப்பத்தை எளிதில் வெளிவிடாது. மீண்டும் மீண்டும் அழுத்துங்கால் பிடிப்புக் குன்றும். விரையும் ஆற்றலைத் தந்து நிற்கும் ஆற்றலைத் தாராதவன், ஓட்டுவோன் உயிரையும் எதிரே வருவோர் உயிரையும் பணயம் வைக்கிறான்.

பின் அச்சும் அவ்வாறே. சிறிய இஞ்சினுக்கென வைத்த பத்து போல்ட் அச்சு, பெரிய முறுக்கு விசையால் முறியலாம். பன்னிரண்டு போல்ட் அச்சு வலியது. கமாரோவுக்கு முழு நீளச் சட்டம் இல்லை. முன்பகுதிக்கு மட்டுமே தனிச் சட்டம் உண்டு. எனவே விசை மிகுந்தால் உடலே முறுகும். அதைத் தடுக்க இணைப்பு விட்டங்கள் வேண்டும். ரேடியேட்டரும் புதிய இஞ்சினின் வெப்பத்துக்கு ஏற்றதாதல் வேண்டும். சட்டத்தையும் கேட்டறிதல் கடமை. கலிபோர்னியாவில் 1975-ம் ஆண்டு மாதிரி வரையுள்ள பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை இல்லை. அதற்குப் பிந்தியவற்றுக்கு உண்டு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாதெனில், இஞ்சின் தனித்து நிற்கும் பொருளன்று. பல உறுப்புக்களோடு கூடி வாழ்வது. ஆகவே முதலில் வண்டியின் பிறப்பை அறிக. அடுத்து அதன் பயனைத் தெளிக. பின்னர்ப் பிரேக்கு, குளிர்விப்பு, பின் அச்சு என்னும் இவற்றிற்கு வேண்டிய பொருளைக் கையிருப்பிலிருந்து முன்னதாக ஒதுக்குக. எஞ்சிய தொகை எவ்விஞ்சினுக்குப் போதுமோ அதுவே தக்க இஞ்சின். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டி மகிழ விரும்புவோர்க்கு, நன்கு கட்டிய 383 போதும். நெடுந்தூரம் அடிக்கடி செல்வோர், செலவுக்கு அஞ்சாராயின், எல்.எஸ். வகையை நாடலாம். அக்கால ஒலியையும் தோற்றத்தையுமே பெரிதாக மதிப்போர் பெரிய வகையைக் கொள்க. விரலுக்குத் தக்க வீக்கம் என்னும் முதுமொழி மோட்டார் வண்டிக்கும் பொருந்தும்.