ஏலம் பயிரிடலாமா? முதலில் நிழலைப் பாருங்கள்

பதுளைப் பகுதியில் பலசரக்கு வியாபாரம் செய்யும் சகோதரர்கள் பலர் ஏலக்காய் விலையைப் பார்த்துவிட்டு, "நாமே பயிரிட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். குங்குமப்பூ, வனிலாவுக்கு அடுத்தபடி விலை கூடிய வாசனைப் பொருள் ஏலம். வட்டிலப்பத்துக்கும் பிரியாணிக்கும் மட்டுமன்றி, அஜீரணத்துக்கும் வாய் நாற்றத்துக்கும் நாட்டு வைத்தியர்கள் கொடுப்பதும் இதுவே.

ஏலம் இயல்பில் ஒரு காட்டுச் செடி. பெரு மரங்களின் நிழலில் ஆளுயரத்துக்கும் மேலாக வளரும். கடல் மட்டத்திலிருந்து 600 மீற்றருக்கு மேற்பட்ட குளிர்ந்த, ஈரமான நிலம் வேண்டும். உயரத்தைப் பொறுத்தவரை நமது மலைகளில் குறையில்லை. குறை காற்றில்தான் இருக்கிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருகிறது. அதே காற்று ஏலத்தைக் கருக்கிவிடும். ஆகவே திறந்த சரிவுகளை விட்டு, மரநிழலும் நீரோடையும் உள்ள பள்ளங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். வறட்சியில் தண்ணீர் பாய்ச்ச வழி இல்லையென்றால் இதில் இறங்க வேண்டாம்.

அரச காட்டில் கீழ்ச்செடிகளை வெட்டி நடும் எண்ணமும் வேண்டாம். நக்கிள்ஸ் மலைக்காடு அவ்வாறு நட்ட ஏலத்தால் பாதிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு அது பாதுகாக்கப்பட்ட வனமாக்கப்பட்டது. அங்கே நட்டவர்களின் முதல் என்னவாயிற்று என்பதை யோசித்துப் பாருங்கள்.

பக்கக் கன்று வாங்கினால் நோயற்ற தோட்டத்திலிருந்தே வாங்குங்கள். இலையில் வெளிர் கோடுகள் காட்டும் கட்டே என்ற வைரஸ் நோய் கன்றோடு வரும், விதையோடு வராது. காய்ப்பு மூன்றாம் ஆண்டளவில்தான் தொடங்கும். அதுவரை முதல் முடங்கியிருக்கும். கடன் வாங்கிச் செய்வோர் இதை மறக்கக்கூடாது. பூக்கும் காலத்தில் மருந்து தெளித்துத் தேனீக்களை விரட்டினால் காய் பிடிக்காது.

நான்கைந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ கிடைக்கும். வெயிலில் காயவைத்தால் பச்சை நிறம் போய், விலையும் போய்விடும். 50 பாகை செல்சியஸுக்கு மிகாத சூட்டில் அறைக்குள் உலர்த்துவதே முறை.

இரண்டு எச்சரிக்கைகள். காய் பிடிக்கும் முன்பே விளைச்சலை விலை பேசி வாங்குவதை மார்க்கம் தடுத்திருக்கிறது. நிறைக்காக ஈரக்காயைக் கலப்பதும் அப்படியே. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நமக்குத் தெரிந்ததே. ஈரக்காய் பூஞ்சணம் பிடித்து முழு மூடையையும் கெடுக்கும்.

முதலில் ஐம்பது செடி நட்டு, ஒரு வறண்ட பருவத்தைக் கடக்க விடுங்கள். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனையையும் கேளுங்கள். செடிகள் நின்றால், இன்ஷா அல்லாஹ், பிறகு பெருக்கலாம்.