படமும் பயோடேட்டாவும்

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் எங்கள் லாத்தாவுக்கு வரன் பார்த்தார்கள். நயினாதீவிலிருந்து அவளுடைய படமும் பயோடேட்டாவும் வட்ஸ்அப்பில் புத்தளத்துக்கும் கொழும்புக்கும் போயின. நிறம், உயரம், வயது, சமையல் எல்லாம் அதில் இருந்தன. அவளது பட்டப்படிப்பு கடைசி வரியில் இருந்தது. அவளுடைய விருப்பத்துக்கு வரியே இல்லை.

பெண்ணைப் பற்றிப் பிறர் எழுதுவதற்கும், பெண் தன்னைத் தானே சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை ஓவியக் கலை நன்றாகக் காட்டுகிறது.

டிண்டர் என்ற செயலியில் முன்பின் அறியாதவரின் படம் திரையில் வரும். பிடித்தால் வலப்பக்கம், பிடிக்காவிட்டால் இடப்பக்கம் தள்ளிவிடுவார்கள். மும்பை ஓவியர் இந்து ஹரிகுமார், அதைப் பயன்படுத்தியோரின் அனுபவங்களைக் கேட்டு வாங்கி, '100 இந்திய டிண்டர் கதைகள்' என்ற தொடராக வரைந்தார். அப்பழக்கம் எமது மார்க்கத்துக்கு ஏற்றதன்று. ஆயினும் விரலால் தள்ளப்பட்ட படத்துக்குப் பின்னால் ஒரு மனமும் கதையும் உண்டு என்பதை அத்தொடர் உணர்த்துகிறது. வட்ஸ்அப்பில் போகும் பயோடேட்டாவுக்கும் இது பொருந்தும் அல்லவா?

மொரோக்கோவில் 1956 இல் பிறந்த லல்லா எஸ்ஸெய்தி வேறு வழியை எடுத்தார். ஐரோப்பிய ஓவியர்கள் அரபுப் பெண்களைத் தம் கற்பனைப்படி தீட்டியிருந்தார்கள். அதே காட்சிகளை அவர் புகைப்படமாக எடுத்தபோது, பெண்களின் உடை, கை, முகம் எங்கும் மருதாணியால் அரபு எழுத்துகளை எழுதினார். எழுத்தணி மரபில் ஆண்களின் கலை. மருதாணி பெண்களின் கலை. இரண்டையும் ஒன்றாக்கியதே அவரது சிறப்பு.

நமது நிலை என்ன? கன்னிப் பெண்ணிடமும் சம்மதம் கேட்க வேண்டும் என்பது நபிகளாரின் (ஸல்) போதனை. ஆனால் இலங்கையில் 1951 இல் இயற்றப்பட்ட முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பதிவின்போது மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. மார்க்கம் கேட்கச் சொன்ன சம்மதத்துக்குப் படிவத்தில் இடமில்லாமற் போயிற்று.

லாத்தா ஒருநாள் வாப்பாவின் போனைக் கேட்டு வாங்கினாள். "நிகாஹுக்குப் பிறகும் படிப்பிக்க விரும்புகிறேன்" என்று பயோடேட்டாவின் முதல் வரியாகச் சேர்த்தாள். வாப்பா இரண்டு முறை வாசித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் அதையே அனுப்பினார்.

பெற்றோரே, உங்கள் மகளின் பயோடேட்டாவை எழுதும்போது பேனையை ஒருமுறை அவளிடம் கொடுங்கள். தோழியரே, கொடுத்தால் எழுதத் தயாராக இருங்கள்.