கிளட்ச் கருகாமல் விரைவாகக் கிளம்புவது

கையால் கியர் மாற்றும் காரில் கிளட்சுக்கு மிகக் கடினமான நேரம், நின்ற வண்டி நகரத் தொடங்கும் முதல் இரண்டு மூன்று நொடிகள்தான். ஐடிலிங்கில் இருக்கும்போதுகூட இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்று சுழல்கிறது. சக்கரமோ அசையாமல் நிற்கிறது. சுழல்வதையும் நிற்பதையும் ஒன்றோடொன்று உரசவிட்டு, மெல்ல மெல்ல ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது கிளட்சின் வேலை.

இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் ஃப்ளைவீல் என்ற கனமான இரும்பு வட்டு இருக்கிறது. அதன் முகத்தை ஒட்டிக் கிளட்ச் பிளேட்; அதற்குப் பின்னால், ஸ்பிரிங் விசையால் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்தும் பிரஷர் பிளேட். மிதியை அழுத்தினால் ரிலீஸ் பேரிங் அந்த ஸ்பிரிங்கைத் தள்ள, பிடி விடுகிறது. மிதி மேலே வரும் வழியில் ஓரிடத்தில் பிளேட் உரசத் தொடங்கும்; இன்ஜின் சத்தம் சற்று இறங்கும், வண்டியின் மூக்கு லேசாக அசையும். பயிற்சிப் பள்ளிகளில் ‘ஹாஃப் கிளட்ச்’ என்று சொல்லித்தருவது இந்த இடத்தைத்தான். இது ஒவ்வொரு வண்டியிலும் வேறு உயரத்தில் இருக்கும். பிளேட் தேயத் தேய இடம் மாறவும் கூடும். விரைவாகக் கிளம்ப விரும்புகிறவரின் கால் முதலில் அறிந்திருக்க வேண்டியது இதை.

அவசரமாகக் கிளம்பும்போது வண்டிக்கு இரண்டு விதத்தில் கேடு வரலாம். ஒன்று சூடு, மற்றொன்று அதிர்ச்சி. இன்ஜினை உறுமவைத்து, கிளட்சை நீண்ட நேரம் வழுக்கவிட்டால் பிளேட் சூடேறிக் கருகும். அதே உறுமலில் காலைச் சட்டென்று எடுத்துவிட்டால் பிளேட் அவ்வளவாக வழுக்காது. ஆனால் ஃப்ளைவீலில் சேர்ந்திருந்த ஆற்றல் முழுவதும் ஒரே அடியாக கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஆக்ஸில் ஜாயிண்ட், இன்ஜின் மவுண்டிங் ஆகியவற்றின் மேல் இறங்கும். டயர் ரோட்டைப் பிடிப்பதும் விடுவதுமாகத் துள்ளினால் அந்த அடி மீண்டும் மீண்டும் விழும். ஆக்ஸில் முறிவதும் கியர் பல் உடைவதும் பெரும்பாலும் இந்தத் துள்ளலில்தான். இந்த இரண்டு கேட்டையும் ஒருசேரக் குறைப்பது ஒன்றே ஒன்று: இன்ஜின் சுற்றை அளவோடு வைப்பது.

இதைக் கணக்கிலேயே பார்க்கலாம். சமதரையில், இன்ஜினை ஒரே சுற்றில் வைத்துக்கொண்டு கிளட்சை விடுவதாகக் கொள்வோம். பிளேட் முழுதாகப் பிடிக்கும் கணத்தில் வண்டிக்கு எவ்வளவு இயக்க ஆற்றல் கிடைத்திருக்கிறதோ, ஏறக்குறைய அதே அளவு ஆற்றல் கிளட்சில் வெப்பமாக இறங்கியிருக்கும். 1,000 கிலோ எடையுள்ள சிறிய காரில் முதல் கியரில் 1,500 சுற்று என்பது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகம். அந்தச் சுற்றில் கிளம்பினால் கிளட்சில் இறங்கும் வெப்பம் ஐந்து கிலோஜூலுக்குச் சற்றுக் குறைவு. 4,000 சுற்றில் கிளம்பினால் அது 33 கிலோஜூல், அதாவது ஏழு மடங்கு. ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால் வரும் விளைவு இது. சுற்றை இரட்டிப்பாக்கினால் சூடு நான்கு மடங்காகும் என்பதை மட்டும் நினைவில் வைத்தாலே கிளட்ச் நெடுநாள் உழைக்கும்.

அவ்வளவு சூட்டுக்கு ஈடாக வேகமாவது கூடுகிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. 110 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் சிறிய பெட்ரோல் இன்ஜின்கூட, முதல் கியரின் பெருக்கத்தால் முன்சக்கரங்களில் 5,000 நியூட்டன் அளவுக்குத் தள்ளுவிசை தரும். காய்ந்த தார்ச்சாலையில் அந்த இரண்டு டயரும் தாங்கும் பிடிப்பே ஏறக்குறைய அவ்வளவுதான். வண்டி பாயும்போது எடை பின்பக்கம் சாய்வதால் முன்சக்கர இழுவைக் காரில் பிடிப்பு மேலும் குறைகிறது. மழை ஈரத்திலும் மணல் படிந்த ஓரத்திலும் அது பாதியாகக்கூட இறங்கலாம். டயர் கிறீச்சிட்டுச் சுழலும்போது பார்ப்பவருக்கு வேகமாகத் தெரியும். உண்மையில் சுழலும் டயரைவிட, சுழலும் விளிம்பில் நிற்கும் டயரே வண்டியை அதிகம் தள்ளுகிறது. பின்சக்கர இழுவை வண்டிக்கு எடை பின்னே சாய்வது அனுகூலம். ஆனால் அங்கே தவறினால் வண்டியின் வால் பக்கவாட்டில் விலகும்.

செய்முறை எளிது, பழகத்தான் நாள் பிடிக்கும். சிக்னலில் நிற்கும்போது வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், கிளட்ச் மிதியில் கால் வேண்டாம். மிதித்தே வைத்திருந்தால் ரிலீஸ் பேரிங் வீணாகத் தேயும். பச்சை விழச் சில நொடி இருக்கும்போது முதல் கியர் போட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொள்ள வேண்டும். திருப்பிய சக்கரத்தோடு பாய்வது ஆக்ஸில் ஜாயிண்டுக்குக் கேடு. புறப்படும் கணத்தில் பெட்ரோல் வண்டியில் 2,000 சுற்றை ஒட்டி ஆக்ஸிலேட்டரைக் கொடுத்து, மிதியை ஹாஃப் கிளட்ச் வரை வேகமாகவே விடலாம். அதுவரையுள்ள தூரத்தில் எந்த உரசலும் இல்லை. பிடிக்கத் தொடங்கியதும் கால் ஒரு கணம் நிதானிக்க வேண்டும். வண்டி நகர்ந்து எடை பின்னால் அமர்ந்த பிறகு, மீதியைச் சீராக விட்டபடியே ஆக்ஸிலேட்டரைக் கூட்ட வேண்டும். முழு ஆக்ஸிலேட்டரும் கிளட்ச் முழுதாகப் பிடித்த பிறகுதான். பிடித்த பிளேட் வழுக்காது, வழுக்காத பிளேட் சூடாகாது. அதன் பின் இன்ஜின் எவ்வளவு வேகம் எடுத்தாலும் கிளட்சுக்குத் தேய்மானம் இல்லை. விரைவாகக் கிளம்புவதன் சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. கிளட்சைச் சீக்கிரம் பிடிக்கவைத்துவிட்டு, வேகத்தை அதற்குப் பிறகு எடுக்க வேண்டும்.

முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற்றும்போது ஆக்ஸிலேட்டரை விட்டு, கிளட்சைத் தரைவரை மிதித்து, லீவரைத் தயங்காமல் ஆனால் அடிக்காமல் தள்ளினால் போதும். கியர்களின் வேகத்தை ஒப்பாக்கும் சின்க்ரோ வளையத்துக்கு ஒரு கணம் தேவை. ஆக்ஸிலேட்டரை விடாமலே கியர் மாற்றும் வழக்கம் மிச்சப்படுத்தும் நேரம் மிக அற்பம், அது தின்னும் பித்தளை வளையமோ விலை உயர்ந்தது.

டீசல் வண்டியில் குறைந்த சுற்றிலேயே இழுவை வந்துவிடுவதால் 1,500 சுற்றை ஒட்டிப் புறப்பட்டாலே போதுமான பாய்ச்சல் கிடைக்கும். பல டீசல் கார்களில் இன்ஜின் அதிர்வை உறிஞ்ச, உள்ளே ஸ்பிரிங் பொதிந்த இரட்டை ஃப்ளைவீல் இருக்கிறது. திடீர் அடிகள் அந்த ஸ்பிரிங்குகளைத் தளர்த்தும். அதை மாற்றும் செலவு கிளட்ச் செட்டின் செலவையே மிஞ்சிவிடுவதுண்டு.

ஏற்றம் தனிக் கதை. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில், பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பது மலைச்சாலைகளில் அடிக்கடி காணும் காட்சி. முன்சொன்ன 1,000 கிலோ காரை அப்படி 1,500 சுற்றில் நிறுத்தினால், நொடிக்கு மூன்று கிலோஜூல் கிளட்சில் வெப்பமாக இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு நொடி போதும், சமதரையில் ஒருமுறை கிளம்பும் சூட்டைத் தாண்டிவிடும். பத்து நொடி நின்றால் 4,000 சுற்றில் பாய்ந்ததற்கு ஏறக்குறையச் சமம், வண்டி ஓர் அடிகூட நகராமலே. கொண்டை ஊசி வளைவில் எதிர்வண்டிக்காகக் காத்திருப்பவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிற்க வேண்டும். கிளம்பும்போது ஹாஃப் கிளட்சில் வண்டியின் இழுப்பு தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி பின்னால் உருளாது. புதிய கார்கள் பலவற்றில் உள்ள ஹில் ஹோல்ட் வசதி பிரேக்கை இரண்டு நொடி அளவுக்குத் தானே பிடித்துக் கொடுக்கிறது.

கருகிய வாடை வந்தால், பிளேட்டின் உரசும் பரப்பைப் பிணைத்திருக்கும் பிசின் வேகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது மறுபடி முயலாமல், வண்டியைச் சாதாரணமாகச் சில நிமிடங்கள் ஓட்டி ஆறவிட வேண்டும். தொடர்ந்து நான்கைந்து முறை பாய்ந்தால் முந்தைய சூடு தணியும் முன்பே அடுத்த சூடு ஏறும். பந்தயத் தளத்தில் பழகுகிறவர்கள் இடைவெளி விடுவது இதனால்தான். பொதுச்சாலையில் வேகப்போட்டி நடத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. இத்தகைய பழக்கத்துக்கு உரிய இடம் மூடிய பந்தயத் தளம் மட்டுமே.

அதிகச் சூடு கண்ட பரப்பு கண்ணாடிபோல் மழமழப்பாகி வழுக்கும். ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள் விழும். கிளம்பும்போதெல்லாம் வண்டி உதறும். சோதிக்க ஒரு வழி உண்டு: காலியான சாலையில் நான்காவது கியரில் மிதமான வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால், இன்ஜின் சுற்று தாவி ஏறி, வண்டியின் வேகம் அதோடு ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. அந்த நிலையில் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி ஒருமுறையோடு முடியும்.