பூனைக்குட்டியும் பத்து ரூபாயும்

ஐரோப்பாவில் சுமார் 20 லட்சம் ஜனங்களே வாழ்கின்ற ஸ்லோவீனியா என்னும் சிறு தேசத்தைச் சேர்ந்த ஸாமோ லோகின், ஈஸா லோகின் தம்பதி 2009-இல் தொடங்கிய அவுட்ஃபிட்7 நிறுவனம், மறு ஆண்டிலேயே டாக்கிங் டாம் என்ற சாம்பல் நிறப் பூனையைக் கைப்பேசித் திரைக்குக் கொண்டுவந்தது. நாம் சொல்வதைக் கீச்சுக் குரலில் அப்படியே திருப்பிச் சொல்வதுதான் அதன் பிரதான வித்தை. 2013-இல் வெளிவந்த மை டாக்கிங் டாம் விளையாட்டிலோ, அதே பூனை குட்டியாகி, ஊட்டினால் உண்டு, குளிப்பாட்டினால் குளித்து, விளக்கை அணைத்தால் உறங்கி, மெல்ல மெல்ல வளரலாயிற்று. தமிழில் பேசினால் தமிழிலும், போஜ்புரியில் பேசினால் போஜ்புரியிலும் திருப்பிச் சொல்லும் இந்தப் பிராணிக்கு எழுத்தறியாத குழந்தையும் எஜமானாகலாம். ஆகையால் பாஷைகள் மலிந்த இந்தியாவில் அதற்கு எந்தத் துபாஷியும் தேவைப்படவில்லை.

2014 செப்டம்பரில் கூகுளின் ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தின்கீழ் மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் ஆகிய நிறுவனங்களின் ஸ்மார்ட்போன்கள் 6,000 ரூபாய்க்குச் சற்றே மேற்பட்ட விலையில் விற்பனைக்கு வந்தன. 2016 செப்டம்பர் 5 அன்று சேவையைத் தொடங்கிய ஜியோ, முதல் சில மாதங்கள் டேட்டாவை இலவசமாகவே வழங்கியது. இவ்விரண்டின் பயனாகச் சாமானியக் குடும்பங்களின் கைக்கும் விளையாட்டுகள் எட்டிவிடவே, பதிவிறக்கங்களின் எண்ணிக்கையில் இந்தியா உலகின் முன்னணிச் சந்தைகளுள் ஒன்றாயிற்று. வருமானத்திலோ அமெரிக்கா, ஜப்பான், சீனா ஆகிய தேசங்களுக்கு வெகுதூரம் பின்னாலேயே நின்றது. தேர்த் திருவிழாவுக்குத் திரளும் ஜனங்கள் எல்லோரும் கடைவீதியில் முடிச்சை அவிழ்ப்பதில்லை அல்லவா?

இதை நம் ஜனங்களின் சிக்கனம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது நியாயமாகாது. பூனைக்கு ஒரு தொப்பியோ சட்டையோ காசு கொடுத்து வாங்க வேண்டுமானால், அப்போது பெரும்பாலும் கிரெடிட் கார்டு வேண்டியிருந்தது. அது பெரும்பாலான வீடுகளில் இருக்கவில்லை. கூகுள் பிளேயில் இந்தியாவுக்கென இருந்த 50 ரூபாய் என்ற குறைந்தபட்ச விலை, 2015-இல்தான் 10 ரூபாயாக இறங்கியது. யுபிஐ வந்ததோ அதற்கும் அடுத்த வருஷம். எல்லாவற்றுக்கும் மேலாக, விளையாடுவது குழந்தை, கைப்பேசி தாயுடையது, பணம் தகப்பனுடையது என்று மூவரிடம் பிரிந்து கிடக்கும் காரியத்தில், வியாபாரம் சுலபமாக நடந்துவிடுமா?

ஆகவே விளையாட்டு நிறுவனங்கள் விளம்பரத்தைச் சரணடைந்தன. பூனைக்கு உணவு வாங்க நாணயம் தீர்ந்துவிட்டதென்றால், அரை நிமிஷம் ஒரு விளம்பரப் படத்தைப் பார்த்தால் போதும், நாணயம் கிடைத்துவிடும். அமெரிக்காவில் ஒருவர் பார்க்கும் விளம்பரத்துக்குக் கிடைக்கும் தொகையில் சிறு பங்கே இந்தியாவில் கிடைப்பதால், அந்த நஷ்டத்தை ஜனத்தொகை ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. நவி மும்பையில் விகாஷ் ஜெய்ஸ்வால் 2016-இல் வெளியிட்டு, 2020-இன் ஊரடங்கில் வீடுதோறும் புகுந்த லூடோ கிங்குக்கும் விளம்பரமே பிரதான ஜீவனாதாரம். ஆனால் லூடோவைத் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து ஆடினார்கள். பூனைக்குட்டியைக் குழந்தை தனியாக வளர்க்கிறது. பசித்த முகத்தோடு பூனை ஏங்கி நிற்கையில், விளம்பரத்தைப் பார்க்க மறுக்கும் மனோபலத்தை ஐந்து வயதுக் குழந்தையிடம் எதிர்பார்ப்பது கொடுமை என்பதே என் திடமான அபிப்பிராயம். அங்கே விலைபோவது அக்குழந்தையின் கருணை.

2017 ஜனவரியில் இப்பூனையின் நிறுவனம் சுமார் 100 கோடி டாலருக்குச் சீன முதலீட்டாளர்களிடம் கைமாறியது. உலகமெங்கும் உள்ள குழந்தைகள் திரும்பத் திரும்ப அந்தத் திரைக்கு வருவார்கள் என்ற நம்பிக்கைக்கும் அந்த விலையில் பங்கு உண்டு. நம் தேசத்தில் 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்ந்து, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதைத் தடுக்க வகைசெய்கிறது. ஆயினும் கைப்பேசி தாயின் பெயரில் இருக்கும் வீட்டில், விளையாடுபவர் முப்பது வயதுப் பெண்மணி என்றே விளம்பரம் காட்டும் இயந்திரம் கணக்கிடும். ஆதலின் கணக்கிலுள்ள வயதை நம்பியிராமல், குட்டிப் பிராணியை வளர்க்கச் சொல்லும் விளையாட்டு எதுவாயினும், அதை ஆடுவது குழந்தையே என்று கொண்டு விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் கடமையை, அதைத் தயாரிப்பவர்கள்மீதே சுமத்த வேண்டும்.